அப்பாவின் வேட்டை அனுமதி

அப்பா தம் வாழ்நாளில் சுட்டது இரண்டு முயலும் ஒரு காட்டுக்கோழியும்தான். அவை மூன்றும், அவர் கலியாணம் கட்டுவதற்கு முன் வவுனியாவில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் செத்தவை. கொழும்புக்கு மாற்றலாகி வெள்ளவத்தையில் வீடெடுத்த பிறகு அவர் துவக்கைத் தோளில் வைத்ததை நான் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அலுமாரியிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பார். ஆனாலும் எங்கள் ஒழுங்கையில் அவரை எல்லோரும் வேட்டைக்காரர் என்றுதான் சொன்னார்கள். அதற்குக் காரணம் அவருடைய விண்ணப்பங்கள்.

தெற்கே, திசமகாராமைக்கும் அப்பால், மரையும் கொம்புமானும் உள்ள ஒரு காடு இருந்தது. அங்கே வேட்டையாட அரசாங்கம் அனுமதி கொடுக்கும், எல்லோருக்கும் கொடுக்காது. வருடத்தில் சில மாதங்கள், மாதத்துக்கு இத்தனை கூட்டம், ஒரு கூட்டத்துக்கு நாலு பேருக்கு மேல் இல்லை, அந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மரை, ஒரு மான் என்று கட்டுப்பாடு. தை பிறந்ததும் எழுதிப் போட வேண்டும். கேட்பவர்கள் அதிகம் என்பதால் பெரும்பாலானோருக்கு ஆனி மாதமளவில் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வரும். அப்பாவுக்கு ஐந்து வருடமாக அது தவறாமல் வந்தது. ஐந்தையும் திகதி வாரியாக ஒரு கோவையில் போட்டு வைத்திருந்தார். என் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கைகள் எங்கே கிடந்தன என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அனுமதி வராத காட்டுக்கான பயணத் திட்டம் மட்டும் வருடா வருடம் திருத்தம் பெற்றுக்கொண்டே வந்தது. சாப்பாட்டு மேசையில் நில அளவைப் படத்தை விரித்து, அது சுருளாமல் நாலு மூலைக்கும் உப்புச் சாடி, ஊறுகாய்ப் போத்தல் என்று அகப்பட்டதை எல்லாம் வைப்பார். எங்கள் ஒழுங்கை முனையில் ஓடும் காலி வீதியில் ஏறிக் கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போனால் காலி, அதற்கப்பால் மாத்தறை, அதற்கப்பால் அம்பாந்தோட்டை, அதற்கப்பால் திசமகாராமை என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஆவணியில் குளங்கள் வற்றிவிடும். மிருகங்கள் மிஞ்சிய தண்ணீருக்கு வந்துதான் ஆகவேண்டும். அந்த மாதத்துக் காற்றுக்கு எந்தப் பக்கத்தில் பதுங்கினால் மனித வாடை போகாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பத்து நாளைக்கு எவ்வளவு அரிசி, எத்தனை ரின்பால், காய்ச்சல் வந்தால் விழுங்கக் கொயினா குளிசை, இறைச்சிக்குத் தடவ எத்தனை இறாத்தல் உப்பு என்று பட்டியல் இருந்தது. வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனால் அம்மா சொல்லிவிட்ட மூன்று சாமானில் ஒன்றை மறந்துவிட்டு வருகிறவர் அவர்.

இந்த வேலையில் அவருக்குக் கூட்டாளி கொட்டாஞ்சேனை மாமா. எங்களுக்கு உறவில்லை, வேதக்காரர், துறைமுகத்தில் வேலை. அவரிடம் ஒரு பழைய வான் இருந்தது. இளமையில் புத்தளம் பக்கம் உண்மையாகவே பன்றி சுட்டவர். மூன்றாவது ஆளாக அடுத்த ஒழுங்கையில் இருந்த பறங்கி மாமா வருடந்தோறும் கையெழுத்து வைப்பார். அவர் நான் சொல்லப்போகும் வருடத்துக்கு முதல் வருடம் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஆக அந்த வருடம் அப்பாவும் கொட்டாஞ்சேனை மாமாவும் மட்டும்தான்.

மாமாவுக்கும் அவசரம் இருந்தது. இடது கண்ணில் ஏற்கெனவே பூ விழுந்திருந்தது. வலது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது.

"இந்த வருசம் கிடைச்சாத்தான் மச்சான்," என்று படத்தின் மேல் குனிந்தபடி சொல்வார். "அடுத்த வருசம் மரை எது மாடு எதுன்னு எனக்குத் தெரியாது. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கேன்."

அவர் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு வேலை இரட்டிக்கும். காலையில் அப்பம், பதினொரு மணிக்குத் தேத்தண்ணி, மத்தியானம் மீன் குழம்போடு சோறு, பின்னேரம் மறுபடியும் தேத்தண்ணி. மேசையில் படம் கிடக்கும் என்பதால் அம்மா கோப்பையைக் கையிலேயே ஏந்திக்கொண்டு, அவர்கள் இடம் ஒதுக்கும்வரை நிற்பார். அந்த நாட்களில் அவர் அதிகம் பேசுவதில்லை. முந்திய வருடக் கடைசியில், எனக்குத் தம்பியாகவோ தங்கையாகவோ வரவேண்டிய ஒரு பிள்ளை வராமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அம்மா அடுப்படிக்குப் போனார். அதைப்பற்றி வீட்டில் யாரும் கதைக்கவில்லை.

அப்போது அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் சிங்களத்துக்கு மாறிவிட்டிருந்தன. அப்பா சம்பள உயர்வுக்காகச் சிங்களச் சோதினை பாஸ் பண்ண வேண்டியிருந்தது. கந்தோர் முடிந்து வகுப்புக்குப் போய்வந்து, என்னுடையது போன்ற ஒரு கோட்டுக் கொப்பியில் அரிச்சுவடி எழுதுவார். நான் ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடியே சிங்களத்தை எடுத்துக்கொண்டவள். பாண்காரனோடும் மீன்காரியோடும் பேரம் பேசுவதே நான்தான். பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்து எழுத்தும் பிடிபட்டிருந்தது. முந்திய வருடம் வனவிலங்கு இலாகாவிலிருந்து முதன்முறையாகச் சிங்களத்தில் வந்த கடிதத்தில் 'அவசர பத்ரய' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, ஏதோ அவசரமான விஷயமாக்கும் என்று அப்பா பதறிப்போனார். அது அனுமதிப் பத்திரம் என்றும், அதைத் தர முடியாததற்கு வருந்துகிறார்கள் என்றும் நான்தான் சொன்னேன். அன்று முதல் இலாகாவிலிருந்து வரும் கடிதத்தைப் பிரித்து வாசிக்கும் அதிகாரம் ஒன்பது வயதில் என் கைக்கு வந்தது.

சித்திரையில் ஒரு நாள், அம்மா பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு மாமியோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் கிணற்றடிக் கல்லில் இருந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த முறை இவருக்கு அந்தக் கடதாசி கிடைக்கட்டும்," என்றார் அம்மா. "இவர் காட்டுக்கு வெளிக்கிடுற அண்டைக்கே நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோப்பாய்க்கு அக்காவிட்டைப் போயிடுவன். இஞ்ச கிடந்து மாய எனக்கு இனி ஏலாது."

மாமி என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் தாய் அப்படித்தான் பெட்டியோடு ஊருக்குப் போனவர். திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளை கொஞ்ச நாள் கலைந்த தலையோடு வந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்தது. பின்னிவிட ஆளில்லை என்றது. அம்மா சொன்னதில் என் பெயர் இல்லை என்பதை நான் கவனித்தேன். அன்றிரவு என் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

அதற்குப் பிறகு நான் தினமும் சாமிப் படத்தின் முன் நின்று, அனுமதி கிடைக்கக்கூடாது என்று கும்பிட்டேன். கொட்டாஞ்சேனையில் ஒருவர் கிடைக்கவேண்டும் என்று மெழுகுதிரி நேர்ந்திருக்கிறார் என்பதும் தெரியும். பிள்ளையாரும் அந்தோனியாரும் இதில் எப்படி ஒரு முடிவுக்கு வருவார்கள் என்று எனக்குக் கவலையாகவே இருந்தது.

கடிதம் ஆனி மாதம் ஒரு பின்னேரம் வந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வாசல் படியில் இருந்து பிரித்தேன். முந்திய வருடக் கடிதம் எனக்குக் கிட்டத்தட்டப் பாடம். இது அதைப்போல் தொடங்கவில்லை. வருத்தம் என்ற சொல்லைத் தேடினேன், இல்லை. அப்பாவின் பெயர் இருந்தது, மாமாவின் பெயர் இருந்தது, ஆவணியில் பத்து நாளுக்கான திகதிகள் இருந்தன. மூன்று கிழமைக்குள் பணம் கட்டி உறுதி செய்யாவிட்டால் அடுத்த கூட்டத்துக்குக் கொடுக்கப்படும் என்று கீழே எழுதியிருந்தது. இரண்டு முறை வாசித்தேன். பிறகு, வாசித்துக்கொண்டே இருந்தால் மாறிவிடும் என்பது போல மூன்றாம் முறையும் வாசித்தேன்.

அப்பா வந்து முகம் கழுவிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்தார். வகுப்பில்லாத நாள். நான் கடிதத்தை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, முந்திய வருடத்துக் கடிதத்தைத் தமிழில் ஒப்பித்தேன். விண்ணப்பங்கள் அதிகம், இம்முறை தர இயலாமைக்கு வருந்துகிறோம், அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். என் குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடிதத்தைக் கோவையில் போடுவதற்காகக் கையை நீட்டுவார் என்று பயந்திருந்தேன். அவர் நீட்டவில்லை. கண்ணை மூடி, நெற்றியை இரண்டு விரலால் தேய்த்தார்.

"சரி. எங்கையாவது வை," என்றார்.

அடுப்படி வாசலில் அம்மா தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு வந்து நின்றுகொண்டிருந்தார். "இந்த முறையும் இல்லையோ?" என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். அம்மா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போனார். அவருக்கும் பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த இரண்டு நாளும் தலையிடி என்று ஈரத்துணியை நெற்றியில் போட்டபடி சமைத்தார். கடிதத்தை என் பூமிசாத்திரப் புத்தகத்துக்குள் வைத்தேன். அந்தப் பாடத்துக்கு வீட்டில் எனக்கு உதவி செய்ய ஆளில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு வேலை நாள் பின்னேரம் கொட்டாஞ்சேனை மாமா பஸ்ஸில் வந்தார். வான் ஓட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவரைக் கண்டதும் அம்மா அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுக் கோப்பை கழுவக் கிணற்றடிக்குப் போனார். நான் மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். மாமா கதிரையில் இருக்கக்கூட இல்லை.

"மச்சான், நமக்குக் கிடைச்சிருக்கு," என்றார்.

அப்பா சிரித்துக்கொண்டே எழுந்தார். மாமா சிரிக்கவில்லை.

"கிடைச்சு, போயும் போச்சு. ஏன் தரல்லன்னு கேக்க இன்னைக்கு இலாகாவுக்கே போனேன். ரெஜிஸ்டரைக் காட்டினாங்க. உன் பேர் இருக்கு, என் பேர் இருக்கு, லெட்டர் அனுப்பின திகதி இருக்கு. காசு கட்டல்லன்னு வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்க. லெட்டர் வந்திச்சா இல்லையா, மச்சான்? அதை மட்டும் சொல்லு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கொப்பியைப் பார்த்தேன். ஏழை எட்டால் பெருக்கினால் என்ன வரும் என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் என் பெயரைச் சொல்லியிருப்பேன்.

"வந்தது," என்றார் அப்பா. "நான்தான் கட்டேல்லை. கந்தோரில லீவு தரேலாதெண்டிட்டாங்கள். உன்னட்டை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் விட்டிட்டன்."

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்களில் நீர் கோத்திருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தனியாப் போயிருப்பேனே," என்றார். சத்தம் போட்டுப் பேசுகிற அவர் அதை மிகவும் மெதுவாகச் சொன்னார். படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கிப் போனார்.

அம்மா தேத்தண்ணியோடு வந்தார். "என்ன, குடியாமல் போறார்?"

"கண் டொக்டரிட்டைப் போகோணுமாம்," என்றார் அப்பா. அந்தத் தேத்தண்ணியைத் தானே குடித்தார். பிறகு என்னிடம், "செருப்பைப் போட்டுக்கொண்டு வா," என்றார்.

எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ரயில் பாதை, அதைக் கடந்தால் கடல். கருங்கல்லில் இருந்தோம். புத்தகத்திலிருந்து கடிதத்தை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தேன்; அவர் கேட்பதற்கு முன்பே கொடுத்தேன். அவர் அதை முழங்காலில் விரித்து, காற்றுக்குப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் படித்த சிங்களத்தால் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். நெடுநேரம் எடுத்தது. இரண்டு இடத்தில் சிக்கிக்கொண்டார். எனக்குத் தெரிந்தும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஏன் பிள்ளை?" என்றார் கடைசியில். கோபமில்லை. கோபப்படவும் அவருக்கு அலுப்பாக இருந்தது போல.

"நீங்கள் காட்டுக்குப் போனா அம்மா போயிடுவா."

"எங்க போயிடுவா?"

"பெட்டியைக் கட்டிக்கொண்டு பெரியம்மாவிட்டை. மதிலடியில நிண்டு சொன்னவ. இஞ்ச கிடந்து மாய இனி ஏலாதாம்."

தெற்கே போகும் ரயில் ஒன்று, வாசலில் தொங்கும் கந்தோர்க்காரர்களோடு எங்களுக்குப் பின்னால் போனது. ஐந்து மறுப்புக் கடிதம் வந்தபோதும் நான் காணாத ஒரு முகம் அவருக்கு இருந்தது.

"அப்பிடியோ சொன்னவ," என்றார். எனக்கல்ல, கடலுக்கு. பிறகு கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அம்மாவிட்டை இதைப்பற்றி ஒண்டும் கேக்காதை. நானும் கேக்கேல்லை."

அடி விழாமல் தப்பினேன் என்பதுதான் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. கொட்டாஞ்சேனை மாமா பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கண் சத்திரசிகிச்சை செய்தார் என்றும், ஒரு கண்தான் சரிவந்தது என்றும் யாரோ சொன்னார்கள்.

அடுத்த தையில் அப்பா படத்தை எடுக்கவில்லை. அம்மாதான் கேட்டார்: "என்ன, இந்த முறை எழுதேல்லையோ?"

"காணும். இனி என்னத்துக்கு," என்றார் அப்பா.

அதற்கடுத்த தையிலும் அம்மா கேட்டார். அதற்கடுத்ததிலும். மூன்றாவது வருடம் அப்பா துவக்கின் லைசென்சைப் புதுப்பிக்காமல் துவக்கை ஒப்படைத்துவிட்டு வந்தார். அம்மா பிறகு கேட்கவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைவிட்டு அசையமாட்டார். அடுப்படி வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, அம்மாவோடு கதைக்க எதையாவது தேடுவார். ஒன்றும் அகப்படாவிட்டால் தேத்தண்ணி கேட்பார். ஊருக்குச் செத்தவீடு, கலியாணம் என்று போக நேர்ந்தால் கூடவே போய்க் கூடவே கூட்டி வருவார். கோப்பாயில் இரண்டு இரவு தங்கினால் மூன்றாம் நாள் காலையில் பயணப் பையோடு முற்றத்தில் நிற்பார். மனைவியை விட்டு ஒரு நாளும் விலகாத மனுசன் என்று ஒழுங்கையில் அவருக்கு நல்ல பெயர். வேட்டைக்காரர் என்ற பேர் மறைந்துபோயிற்று.

அப்பா காலமாகி ஒரு வருடத்துக்குப் பிறகு, வத்தளையில் எங்கள் வீட்டில் ஒரு சனிக்கிழமை. நான் ஒரு கிழமைக்கான உடுப்புகளை ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். கேளாமலே சொன்னார்.

"உங்கட அப்பா அந்த வேட்டையை ஏன் விட்டவர் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

நான் சேர்ட்டின் கழுத்தைத் திருப்பினேன்.

"அந்தப் பிள்ளை இல்லாமல் போன பிறகு எனக்கு ஒரு பத்து நாள் படுக்கவேணும் போல கிடந்தது. அக்கா வா வா எண்டு எழுதிக்கொண்டிருந்தவ. இவரை விட்டிட்டு எப்பிடிப் போறது? ஆர் சமைச்சுக் குடுக்கிறது? இவர் காட்டுக்குப் போனா, பள்ளிக்கூட லீவுதானே, உன்னையும் கூட்டிக்கொண்டு போய் இருந்திட்டு, இவர் வர நாங்களும் வந்திடலாம் எண்டு நினைச்சிருந்தனான். அந்தக் கடதாசியை இவரிலும் பாக்க நான்தான் கூடப் பாத்துக்கொண்டிருந்தன்."

"கேட்டிருக்கலாமே அம்மா. சும்மா பத்து நாள் போயிட்டு வாறன் எண்டு."

"என்னெண்டு கேக்கிறது? சண்டை பிடிச்சுக்கொண்டு போறவைக்குக் காரணம் இருக்கு. எனக்கு அலுப்பு மட்டும்தானே."

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அம்மா அதற்குள் கண்ணயர்ந்துவிட்டார். அடுத்த சேர்ட்டை எடுத்துத் தண்ணீர் தெளித்தேன்.

அரசாங்கம் சிங்களத்தில் எழுதிய கடிதத்தை ஒரு சொல் விடாமல் வாசித்து விளங்கும் கெட்டித்தனம் பத்து வயதில் எனக்கு இருந்தது. அம்மா தமிழில் சொன்னது விளங்குகிற வயதுதான் இன்னும் வந்திருக்கவில்லை.